சவேரியார் கோயிலின் சுவரும் சுண்ணாம்பும்

கோவா சென்று வந்த நம் மக்கள் வீடுகளில் ஒரு புகைப்படம் தவறாமல் இருக்கும். பின்னால் செக்கச்செவேலென்று ஓர் ஆலயம். முன்னால் குடும்பத்தார் வரிசையாக நிற்பார்கள். பழைய கோவாவில் உள்ள பொம் ஜேசு பேராலயம் அது. பெயர் குழந்தை இயேசுவுக்கு உரியதென்றாலும், புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் அங்கே இருப்பதால் தமிழர் வாயில் அது 'சவேரியார் கோயில்'தான்.

சுற்றிலும் உள்ள மற்றக் கோயில்கள், எதிரே இருக்கும் சே கதீட்ரல் உட்பட, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கின்றன. இது ஏன் சிவப்பு? "ரொம்பப் பழசுங்க, அதான்" என்று பலரும் சொல்லுவார்கள். அப்படியன்று. கட்டியவர்கள் இதற்கும் சுண்ணாம்பு பூசித்தான் கட்டினார்கள். 1950களில், புனரமைப்பு என்ற பெயரில், அந்தப் பூச்சை உரித்தெடுத்துவிட்டார்கள். அன்று முதல் இந்தச் சுவர் வெற்றுடம்போடு மழையில் நனைகிறது. அதனால் வந்த வினை என்ன, அதைச் சரிசெய்யும் வழி என்ன, அதற்கான பணம் எந்த வகையில் வர வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

சவேரியாரும் நாமும்

இது கோவாக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று கேட்க முடியாது. சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்குக் கிளம்பிவிட்டார். பரதவர் ஊர்களில் தங்கி, உள்ளூர் ஆட்களின் உதவியோடு மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கி, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் வீட்டுக்கொரு சவேரியார் இருப்பது அதனால்தான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவா வந்து சேர்ந்தது. 1622இல் புனிதர் பட்டம்.

பணம் பற்றிய கட்டுரையாதலால் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பணம் போர்ச்சுகல் அரசி காத்தரீனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் அரசியின் 'செருப்புப் பணம்'. இந்தத் தொகையை இங்குள்ள உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் அரசியைக் கேட்டுப் பெற்றார். பெரிய கோயில் கட்ட ஒருமுறை பணம் கேட்கவில்லை. வருஷா வருஷம் வரும் ஒரு சிறு வருமானத்தைத் தேடிப் பிடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுவதற்குக் கொடுக்க ஆள் கிடைக்கும், நடத்துவதற்குக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கோயில் எழுந்த கதை

இயேசு சபையார் 1594 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1605 மே மாதம் பேராயர் அலெய்ஷோ த மெனசிஸ் அர்ச்சித்தார். கட்டடத்தின் உடல் முழுவதும் செம்புறைக்கல். குமரி மாவட்டத்தில் இதை வெட்டுக்கல் என்போம். முகப்பிலுள்ள தூண்களுக்கும் சிற்ப வேலைகளுக்கும் மட்டும் கருங்கல். அந்தக் கல் வசையிலிருந்து கப்பலில் போனது. நம் டோம்பிவிலிக்குப் பக்கத்துக் கோபர் நிலையத்தில் ஏறினால் பிவண்டி வழியாக வசை ரோடு போகிறதே, அதே வசைதான். அங்குள்ள கோட்டைக்குள் போர்ச்சுகீசியர் கட்டிய ஆலயங்கள் 1739இல் சிமாஜி அப்பா கோட்டையைப் பிடித்தபின் கைவிடப்பட்டு, இன்று கூரையின்றி நிற்கின்றன. கல் கொடுத்த ஊரின் கோயில்கள் பாழ். கல் வாங்கிய கோயில் நிலைத்திருக்கிறது.

சவேரியாரின் உடல் வைக்கப்பட்ட வெள்ளிப் பேழையை 1636-37இல் கோவாவின் தட்டார்களே செய்தார்கள். அதன்கீழ் உள்ள சலவைக்கல் பீடம் இத்தாலியிலிருந்து வந்த நன்கொடை. தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவுக்காக புளோரன்ஸ் நகரச் சிற்பி ஃபொஜினி செய்தது. 1698இல் நிறுவினார்கள். சவேரியார் தலை வைத்திருந்த தலையணையைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றியாக அவர் இதைக் கொடுத்தார் என்பார்கள்.

பூச்சு போன கதை

1952இல் சவேரியார் மறைந்து 400 ஆண்டு நிறைந்தது. அந்தப் பெருவிழாவை ஒட்டிய காலத்தில் பழைய கோவாவின் கட்டடங்களைச் செப்பனிட போர்ச்சுகலிலிருந்து வந்தவர் பால்தசார் காஸ்த்ரோ. அன்றைய போர்ச்சுகலில் ஒரு மோகம் இருந்தது. பழைய கட்டடம் பழையதாகத் தெரிய வேண்டும். அதற்குப் பூச்சை உரித்துக் கல்லைக் காட்ட வேண்டும். கருங்கல் கட்டடம் நிறைந்த நாட்டில் அந்த மோகத்தால் பெரிய சேதம் வராமல் போகலாம். மழைநாட்டில், அதுவும் வெட்டுக்கல் சுவரில் அதைச் செய்தது அநியாயம். பொம் ஜேசு பூச்சை இழந்தது. மற்றவற்றில் பல தப்பித்தன.

வெட்டுக்கல்லின் இயல்பைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். பிரான்சிஸ் புக்கனன் 1807இல் மலபார் பயணத்தை எழுதும்போது இந்தக் கல்லுக்கு 'லாட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று பொருள். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் செதுக்குமளவுக்கு மிருது. வெட்டி வெளியே வைத்தால் காற்றுப்பட்டு இறுகும். ஆனால் தேன்கூடு மாதிரி உள்ளே ஆயிரம் துளைகள், அவற்றில் களிமண். மழை நேராக அடித்தால் களிமண் கரைந்து வெளியேறும். துளை பெரிதாகும், அதில் தண்ணீர் தங்கும், பாசி பிடிக்கும், செடி முளைக்கும், வேர் கல்லைப் பிளக்கும். சென்னையில் ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. கோவாவில் ஏறக்குறைய 3000. அதுவும் பெரும்பகுதி நான்கே மாதத்தில், கடற்காற்றோடு சாய்வாக அடிக்கிறது. டோம்பிவிலியில் மேற்குப் பார்த்த ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குத்தான் முன்னோர் சுண்ணாம்பு பூசினார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசிய பூச்சு சுவருக்குச் சட்டை போன்றது. மழை அதன்மேல் பெய்யும். உள்ளே புகுந்த ஈரம் வெயிலில் அதன் வழியாகவே வெளியேறும். தேய்ந்தால் பூச்சு தேயும், கல் தேயாது. நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள் என்றால் அதுவும் இதே கணக்குத்தான். ஆனால் சட்டையைத் துவைக்க வேண்டும், கிழிந்தால் தைக்க வேண்டும். மழைக்கு முன்னால் வெள்ளையடிப்பது வெறும் அலங்காரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் பராமரிப்பு.

இங்கே சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. "சுண்ணாம்புக்கு எங்கே போறது, நல்ல சிமெண்டா பூசிட்டா போச்சு" என்று சொல்லும் காண்டிராக்டர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. கல்லுக்குள் அடைபட்ட ஈரமும் உப்பும் உள்ளிருந்தே கல்லைப் பொடியாக்கும். பிறகு சிமெண்ட் பாளமாகப் பெயரும்போது கல்லின் தோலையும் சேர்த்துக் கொண்டுபோகும். தமிழ்நாட்டில் எத்தனையோ பழைய மாதா கோயில்களும் சிவன் கோயில்களும் பக்தர் தந்த நல்ல பணத்தாலேயே இப்படிக் கெட்டன. பணம் இல்லாமல் அழிந்தவை ஒருபுறம், பணம் வந்து அழிந்தவை மறுபுறம்.

பணம் இல்லாமல் அழிந்ததற்குச் சாட்சி பொம் ஜேசுவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மோந்தே சாந்தோ குன்றில் நிற்கும் புனித அகுஸ்தீனார் ஆலயத்தின் ஒற்றைக் கோபுரம் அது. 1602இல் முடிந்த பிரம்மாண்டமான கோயில். 1835இல் போர்ச்சுகீசிய அரசு துறவற சபைகளைக் கலைத்தது. துறவிகள் போனார்கள், அவர்களோடு வருமானமும் போனது, வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் ஆளில்லை. 1842இல் கூரை வளைவு இடிந்து விழுந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் நின்ற கோயில் கவனிப்பு இல்லாமல் தாங்கியது ஏழு மழைக்காலம்தான். மிச்சமிருந்த முகப்பிலும் கோபுரத்திலும் பெரும்பகுதி 1931இல் விழுந்தது. பராமரிப்பு நிதி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

விழாவும் நிதியும்

பொம் ஜேசுவைக் காப்பாற்றி வந்தது எது? இயேசு சபையாரை 1759இலேயே வெளியேற்றிவிட்டார்கள். கொள்ளைநோய்களால் நகரமும் காலியானது. ஆனாலும் கோயில் விழவில்லை. காரணம் சவேரியார். 1782இல் முதல் பொதுத் தரிசனம் நடந்தது. உடலை இயேசு சபையார் மாற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எழுந்த வதந்தியை அடக்கவே அதை நடத்தினார்கள். 1964 தொடங்கி பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற முறை நிலைத்தது. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. அப்போது பேழை சே கதீட்ரலுக்கு எடுத்துச் செல்லப்படும். மக்கள் லட்சக்கணக்கில் வருவார்கள்.

நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு நடத்துவதன் உள்நோக்கம் இதுவேதான். நாள் குறித்துவிட்டால் திருப்பணி தானாக நடக்கும். நன்கொடைப் புத்தகம் அச்சாகும். விமானத்து மரஞ்செடிகளைப் பிடுங்குவார்கள். அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துவார்கள். விழா என்பது கட்டடத்துக்கு ஒரு கெடு. அந்த வகையில் கோவாத் தரிசனமும் ஒரு குடமுழுக்குத்தான்.

ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. விழாவுக்கு வரும் பணம் விழாவுக்குத் தேவையானதற்கே போகும். சாலை, பந்தல், விளக்கு, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் வேண்டியவைதான், மறுக்கவில்லை. சுவரில் தேய்ந்த கல்லுக்கு அந்தக் கணக்கில் தலைப்பு இருக்காது. மத்திய அரசின் 'பிரசாத்' யாத்திரைத் தலத் திட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். 2016-17இல் அதில் வேளாங்கண்ணிக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். அது யாத்ரீகர் வசதிகளுக்கு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பணத்தால் வருஷா வருஷம் செய்யவேண்டிய சின்ன வேலையைச் செய்ய முடியாது.

நம் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். டோம்பிவிலியில் ஹவுசிங் சொசைட்டியில் இருக்கிற எல்லாருக்கும் சிங்கிங் ஃபண்ட் தெரியும். மகாராஷ்டிர மாதிரித் துணைவிதிகளின்படி கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம் அதற்கு. பழுதுபார்ப்பு நிதிக்கு 0.75 சதவீதம். முப்பது வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட். மாதாந்தர மெயின்டனன்ஸ் பில்லைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். 2015 ஜூலையில் தாக்குர்லியில் பழைய கட்டடம் இடிந்து ஒன்பது பேர் மாண்டதை நினைத்தால் அந்தச் சுளிப்பு போய்விடும். நாற்பது வருஷத்துக் கட்டடத்துக்கு இந்த விதி என்றால் நானூறு வருஷத்துக் கோயிலுக்கு?

இன்றைய நிலை

1961க்குப் பின் இந்தக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. 1986இல் 'கோவாவின் ஆலயங்களும் மடங்களும்' யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வழிபாடு திருச்சபையின் கையில். கட்டடம் துறையின் கையில். ஓர் ஓடு மாற்றவும் துறைதான் வர வேண்டும். உண்டியல் நிறைந்திருந்தாலும் பங்குச் சாமியாரால் கொத்தனாரைக் கூப்பிட முடியாது. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லுவது சுலபம். துறை இல்லாமலிருந்தால் இந்நேரம் மார்பிள் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2020இல் கூரை வேலை நடந்துகொண்டிருக்கும்போது கொரோனா ஊரடங்கு வந்தது. வேலை நின்றது, ஜூன் மழை நெருங்கியது. உள்ளே சவேரியார் பேழை. பேராலய அதிபர் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார், வேலை தொடர்ந்தது. அப்போதே அவர் இன்னொரு கோரிக்கையையும் வலியுறுத்தினார்: சுவருக்கு மறுபடி பூச்சு பூசுங்கள். கோவாவில் சூடான விவாதம் கிளம்பியது. எதிர்த்தவர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தான். சிவப்பு முகம்தான் இன்று கோவாவின் அடையாளம், மூன்று தலைமுறை அதைத்தான் பார்த்திருக்கிறது என்றார்கள். ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவர் செய்ததையும் மதிக்க வேண்டும் என்ற 1964 வெனிஸ் சாசனத்தின் கொள்கையும் அவர்கள் பக்கம் பேசும். காஸ்த்ரோவின் உரிப்பும் வரலாறுதானே! 2024 தரிசனத்தின்போதும் கோயில் சிவப்பாகவே நின்றது.

என் கருத்து பூச்சின் பக்கம். பழக்கமான அழகுக்காக ஒரு கல்லைக் கரைய விடுவது சரியில்லை. தவிர, சுண்ணாம்புப் பூச்சு திரும்பப்பெற முடியாத செயல் அல்ல, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கரைந்த கல்லைத்தான் திரும்ப வைக்க முடியாது. ஆனால் எழுபது வருஷம் நனைந்த சுவரில் உப்பு ஊறியிருக்கும், பூச்சு பிடிக்குமா என்ற கேள்வி நியாயமானது. முன்பக்கத்தைத் தொடாமல் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பகுதிக்கு மட்டும் பூசி, மூன்று மழைக்காலம் ஈரத்தை அளந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு தரிசனத்துக்குப் போடும் ஒரு பந்தலைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? எருசலேமில் ஆண்டவரின் கல்லறை மேலுள்ள சிறுகோயிலை 1947இல் ஆங்கிலேயர் இரும்புச் சட்டங்களால் கட்டி நிறுத்தினார்கள். கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மீனியர் மூவரும் ஒத்துவராததால் எழுபது வருஷம் அது அப்படியே கிடந்தது. 2016 மார்ச்சில் உடன்பாடு வந்தது. ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியை அந்தோனியா மொரோபூலூ தலைமையில், யாத்ரீகரைத் தடுக்காமல் பெரும்பாலும் இரவில் வேலை செய்து, 2017 மார்ச் 22 அன்று திறந்துவிட்டார்கள். மூன்று சபைகளும் பணம் போட்டன. ஜோர்தான் அரசர் அப்துல்லா கொடுத்தார். உலக நினைவுச்சின்ன நிதியம் வழியாக மிக்கா எர்தெகன் என்ற அம்மையார் 13 லட்சம் டாலர் கொடுத்தார். கொடுத்தவர்களில் இஸ்லாமியரும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

பெத்லகேம் கதை இன்னும் சுவாரசியம். அங்கே ஒரு கட்டடத்தைப் பழுதுபார்ப்பவருக்கே அதன்மேல் உரிமை என்ற பழைய வழக்கு இருந்ததால், ஒருவர் கூரையைத் தொட்டால் மற்றவர் சண்டைக்கு வருவார். பணம் இருந்தது, அதைச் செலவழிக்க அனுமதிதான் இல்லை! 1480 வாக்கில் இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்ட் ஈயத் தகடு அனுப்பிய கூரை ஒழுகி ஒழுகிச் சிலுவைப்போர் காலத்து மொசைக் படங்கள் கெட்டன. கடைசியில் பாலஸ்தீன அரசு ஒரு குழு அமைத்து, பல நாடுகளிடமும் தன் தொழிலதிபர்களிடமும் திரட்டி, 2013இல் கூரையிலிருந்து வேலையைத் தொடங்கியது. 2012இல் ஆபத்துப் பட்டியலில் வைத்திருந்த யுனெஸ்கோ, 2019இல் எடுத்துவிட்டது. முதலில் கூரை, பிறகுதான் படங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போட்ட பிறகுதான் ஒழுகும் கூரை ஞாபகம் வரும்.

பம்பாய்த் தமிழர் செய்யக்கூடியது

தொல்லியல் துறைக் கட்டடம் என்பதால் தனியார் பணம் புக வழியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வழி இருக்கிறது. 1996இல் மத்திய அரசு தேசியப் பண்பாட்டு நிதியம் என்ற அறக்கட்டளையை அமைத்தது. நன்கொடையாளர் எந்த நினைவுச்சின்னம், என்ன வேலை என்று குறிப்பிட்டே கொடுக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பதையும் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கிறது. மும்பை, தாணே கம்பெனிகளில் நம் பிள்ளைகள் அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் வாங்குவதோடு இதையும் ஒருமுறை மேஜையில் வைக்கலாம். வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் உள்ள உறவினர்களிடம் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். பதிவு இல்லாத சங்கம் கை நீட்டக் கூடாது.

கொடுப்பதாக இருந்தால் மூலநிதியாகக் கொடுப்பது மேல். அசலைத் தொடாமல், வட்டியை மட்டும் ஒவ்வொரு மே மாதமும் சுவர், ஓடு, வடிகால் ஆகியவற்றின் பராமரிப்புக்கே செலவழிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர்ப் பலகை கேட்காமல் கொடுக்க வேண்டியிருக்கும். வெள்ளையடித்த சுவரில் உபயம் எழுத இடம் கிடையாது.

கோவா போகிறவர்கள் தாணேயிலோ பன்வேலிலோ மாண்டவி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் கர்மாளியில் இறங்கலாம். பழைய கோவா அங்கிருந்து பக்கம். திவாவிலிருந்து சாவந்த்வாடி பாசஞ்சரில் போய் மாறிப் போகிறவர்களும் உண்டு. பேழையைத் தரிசித்துவிட்டு வெளியே வந்ததும் பக்கவாட்டுச் சுவரோரமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். கல்லின் துளைகளும் பாசியும் ஒரு முழ உயரத்திலேயே கண்ணில்படும். பிறகு எதிர்ச்சாரியில் சே கதீட்ரலின் வெள்ளைச் சுவரையும், குன்றின்மேல் அகுஸ்தீனார் கோபுரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றுக்கும் ஒரே மழைதான்.